போதகர் கொலைக் கதை வாசிக்கலாமா?



இவ்வாரத் தியானப் பகுதி: 2 சாமுவேல் 11, 12 அதிகாரங்கள்.

சென்ற மாதம் நம் சபையின் மூத்த அம்மையார் ஒருவர், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை, போதகர் இல்லத்திற்கு வந்திருந்தார். பேசிக்கொண்டிருக்கையில் என் மேசைமேல் கிடந்த இரண்டு புத்தகங்கள் அவர் கண்ணில் பட்டன. ஒன்று, இங்கிலாந்தின் சிற்றூர் ஒன்றில் நடக்கும் கொலையைப் பற்றிய அகதா கிறிஸ்டியின் நாவல். மற்றொன்று, இரண்டாம் உலகப் போரில் ஜெர்மானியக் காவற்படை ஒன்று செய்த படுகொலைகளைப் பற்றிய ஆய்வு நூல். இரண்டையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு, “ஐயா, வேதம் வாசிக்கிற கண்ணால் இதையும் வாசிக்கலாமா? ஒன்றிலே ஒரு கொலை, இன்னொன்றிலே ஆயிரம் கொலை!” என்றார். சிரித்துக்கொண்டேதான் கேட்டார். ஆனாலும் அது சிரித்துத் தள்ளிவிடக்கூடிய கேள்வி அன்று. அன்று அரைகுறையாகச் சொன்ன பதிலை இன்று முழுமையாக எழுத முயல்கிறேன்.

என் கருத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வாசிக்கலாம். இரண்டையும் சேர்த்து வாசிப்பது இன்னும் நல்லது. ஒன்றை மட்டும் வாசித்து நின்றுவிடுவதில்தான் ஆபத்து இருக்கிறது. ஏன் என்பதைச் சற்றுப் பொறுமையாகப் பார்ப்போம்.

சிற்றூரில் ஒரு கொலை

அகதா கிறிஸ்டி 1930-இல் வெளியிட்ட ‘தி மர்டர் அட் த விகாரேஜ்’ என்னும் நாவலை எடுத்துக்கொள்ளுங்கள். மிஸ் மார்ப்பிள் என்னும் முதிய பெண்மணி துப்பறியும் முதல் நாவல் அது. கதையைச் சொல்பவர் லியோனார்ட் கிளெமென்ட்; செயின்ட் மேரி மீட் என்ற ஊரின் போதகர். கொலை நடப்பது அவருடைய வீட்டில், அவருடைய படிப்பறையில். கொல்லப்படுபவர் ஊரிலே எவருக்கும் பிடிக்காத கர்னல் புரோதெரோ. இவரைக் கொல்கிறவன் உலகத்திற்கு நன்மையே செய்வான் என்னும் பொருள்பட, கதையின் தொடக்கத்தில் உணவு மேசையில் ஒருவர் பேசிவிடுகிறார். அப்படிப் பேசியவர் வேறு யாருமல்லர், அந்தப் போதகரேதான்! முதன்முறை வாசித்தபோது நான் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுச் சற்று நேரம் சும்மா இருந்தேன். சபைக் குழுக் கூட்டம் முடிந்து வீடு திரும்பும் இரவுகளில் என் வாயிலிருந்து வந்த சொற்கள் சில நினைவுக்கு வந்தன.

இத்தகைய நாவல்கள் நம்மை ஏன் இப்படி ஈர்க்கின்றன? ஊர் சிறியது. மருத்துவர், வழக்குரைஞர், போதகர், ஓவியர், வேலிக்கு மேலாக எட்டிப் பார்க்கும் மூதாட்டிகள் என்று எல்லாரும் எல்லாரையும் அறிந்தவர்கள். அந்த அமைதிக்குள் ஒரு பிணம் விழுகிறது. அதுமுதல் ஒவ்வொரு முகமும் சந்தேகத்திற்குரிய முகமாகிவிடுகிறது. மிஸ் மார்ப்பிளிடம் ஆய்வுக்கூடம் இல்லை. தன் ஊரில் முன்பு நடந்த சிறுசிறு திருட்டுகளையும் பொய்களையும் நினைவில் வைத்து, மனித சுபாவம் எங்கும் ஒன்றே என்ற அறிவோடு உண்மையைக் கண்டடைகிறார். கடைசி அத்தியாயத்தில் ஒருவர் பெயர் சொல்லப்படுகிறது. மற்ற எல்லாரும் விடுவிக்கப்படுகிறார்கள். ஊர் மறுபடியும் தேநீர் அருந்தத் தொடங்குகிறது.

இந்த ஈர்ப்பைக் கூர்மையாக ஆராய்ந்தவர் கவிஞர் டபிள்யூ. எச். ஆடன். துப்பறியும் கதைகளுக்குத் தாம் அடிமைப்பட்டவர் என்று ஒளிக்காமல் ஒப்புக்கொண்ட கிறிஸ்தவர் அவர். ‘தி கில்ட்டி விகாரேஜ்’ என்னும் கட்டுரையை 1948-இல் எழுதினார். குற்றவுணர்வு உறுத்துகிற மனிதனே இக்கதைகளைத் தேடிப் போகிறான் என்பது அவர் கணிப்பு. கதையின் ஊர் ஏதேன் தோட்டத்தைப் போன்றது. குற்றவாளி பிடிபட்டதும் வாசகனும் தான் குற்றமற்ற தோட்டத்திற்குத் திரும்பிவிட்டதாகக் கற்பனை செய்துகொள்கிறான் என்கிறார். பாவ உணர்வுக்கு இது மருந்தாகாது, ஒரு மணி நேர மறதி மட்டுமே என்பது இதனால் நமக்கு விளங்குகிறது.

ஆயினும் இந்நாவல்களை மறதி என்று மட்டும் ஒதுக்கிவிட எனக்கு மனமில்லை. அவற்றில் ஓர் உயிருக்கு மதிப்பு இருக்கிறது. எவருக்கும் பிடிக்காத ஒரு கர்னல் செத்தாலும், எவர் கையால், ஏன் என்று இருநூறு பக்கத்துக்குக் கேட்கிறார்கள். விடை தெரியும்வரை யாரும் ஓய்வதில்லை. ஆபேலின் இரத்தம் பூமியிலிருந்து கூப்பிடுவதை ஆதியாகமம் 4-ஆம் அதிகாரத்தில் வாசிக்கிற நமக்கு, இந்தப் பிடிவாதம் அந்நியமானதாகத் தோன்றக் கூடாது.

போர் பெற்ற பிள்ளை

சிற்றூர் மர்மக் கதை பஞ்சு மெத்தையில் பிறந்ததன்று. முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது அகதா கிறிஸ்டி தம் சொந்த ஊரான டார்க்கீயில் மருத்துவமனைத் தாதியாகவும், பின்பு மருந்தகத்திலும் பணியாற்றினார். நஞ்சுகளைப் பற்றி அவர் கற்றது அங்கேதான். ஜெர்மானியப் படையெடுப்புக்குத் தப்பிய பெல்ஜிய அகதிகளை அவ்வூரிலேயே கண்டார். 1920-இல் வெளிவந்த அவருடைய முதல் நாவலில் தோன்றும் எர்க்யூல் புவாரோ ஓர் அகதி; இங்கிலாந்தின் கிராமத்தில் அடைக்கலம் பெற்ற பெல்ஜியக் காவல் அதிகாரி. டோரதி சேயர்ஸ் ஒரு போதகரின் மகள். கிறிஸ்தவக் கோட்பாடுகளைக் குறித்தும் எழுதியவர். அவர் படைத்த துப்பறிவாளர் லார்ட் பீட்டர் விம்சி, போர்முனையின் அதிர்ச்சியால் இரவுகளில் நடுங்கி விழிப்பவர்.

அந்தப் போரில் பிரிட்டிஷ் பேரரசு இழந்த வீரர்கள் ஒன்பது லட்சத்துக்கும் மேல். பிரான்சில் சொம் போர்க்களத்துக்கு அருகில், தியெப்வால் என்னும் இடத்தில் ஒரு நினைவுச் சின்னம் 1932-இல் திறக்கப்பட்டது. கல்லறை இன்னதென்று தெரியாத 72,000-க்கும் மேற்பட்டோரின் பெயர்கள் அதில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களைக் கொன்றது யார் என்று எந்தத் துப்பறிவாளரிடம் கேட்பது? அந்தக் கேள்விக்கு விடை கிடைக்காத தாய்மாரும் மனைவிமாரும் வாழ்ந்த நாட்டிலேதான், ஒரே ஒரு சாவுக்கு முழுமையான விடை தரும் கதைகள் பெருகின. இரண்டு போர்களுக்கும் இடைப்பட்ட இருபது ஆண்டுகளையே துப்பறியும் கதையின் பொற்காலம் என்கிறார்கள். இது தற்செயல் அல்ல என்பது என் எண்ணம்.

இரண்டாம் போருக்குப் பின் 1950-இல் வந்த ‘எ மர்டர் இஸ் அனௌன்ஸ்டு’ நாவலில் அந்த ஏதேனுக்கும் விரிசல் விட்டிருக்கிறது. முன்பெல்லாம் ஊரில் யார் யாரென்று எல்லாருக்கும் தெரியும். இப்போதோ யார் யாரோ வந்து குடியேறியிருக்கிறார்கள். பங்கீட்டு அட்டையையும் அடையாள அட்டையையும் தவிர அவர்களுக்கு வேறு சாட்சி இல்லை. அந்தக் கதையில் மிட்சி என்று ஒரு சமையற்காரி. ஐரோப்பாவிலிருந்து உயிர்தப்பி வந்தவள். தன் குடும்பத்துக்கு நேர்ந்ததை அவள் சொல்லும்போது, மிகைப்படுத்துகிறாள் என்று வீட்டார் சலித்துக்கொள்கிறார்கள். வாசகனும் அவர்களோடு சேர்ந்து சிரிக்கிறான். சிற்றூர்க் கதை கடைசிவரை கேட்கத் துணியாத ஒரு கதை அவளிடம் இருந்தது. அதைக் கேட்கவேண்டுமானால் நாம் இரண்டாவது புத்தகத்தைத் திறக்க வேண்டும்.

ஆவணங்கள் பேசும்போது

போரைப் பற்றிய புத்தகங்கள் எல்லாம் ஒரே வகையானவை அல்ல. தளபதிகளின் வீரத்தையும் டாங்கிகளின் வேகத்தையும் கொண்டாடுபவை உண்டு. நான் சொல்வது அவற்றையன்று. ஆவணக் காப்பகத்தில் ஆண்டுக்கணக்கில் அமர்ந்து, ஒவ்வொரு வரிக்கும் அடிக்குறிப்பில் சான்று காட்டி எழுதப்படும் ஆய்வு நூல்களைச் சொல்கிறேன்.

ரவுல் ஹில்பெர்க் 1961-இல் வெளியிட்ட பெருநூல், ஐரோப்பிய யூதர்களின் அழிவை அலுவலகக் கோப்புகளின் வழியே காட்டியது. மரண முகாம்களுக்கு மக்களை ஏற்றிச் சென்ற ரயில்களுக்கு ஜெர்மானிய ரயில்வே கட்டணம் வசூலித்தது. பெரியவர்களுக்கு மூன்றாம் வகுப்பின் ஒருவழிக் கட்டணம். பத்து வயதுக்கு உட்பட்ட பிள்ளைகளுக்குப் பாதி. நான்கு வயதுக்கு உட்பட்டோருக்கு இலவசம். அந்தக் கணக்கை எழுதிய எழுத்தர் எவரையும் சுட்டதில்லை. மாலையில் வீட்டுக்குப் போய்ப் பிள்ளைகளோடு சாப்பிட்டிருப்பார். குற்றவாளி யார் என்று இங்கே கேட்டால் ஒரு பெயர் போதாது.

அம்மையார் என் மேசையில் கண்ட ஆய்வு நூல், கிறிஸ்டோபர் பிரௌனிங் 1992-இல் வெளியிட்ட ‘ஆர்டினரி மென்’. ‘சாதாரண மனிதர்கள்’ என்று பொருள். ஹாம்பர்க் நகரைச் சேர்ந்த 101-ஆம் ரிசர்வ் காவற்படையைப் பற்றியது. ஏறத்தாழ ஐந்நூறு பேர் கொண்ட படை. சராசரி வயது 39. பெரும்பாலும் உழைக்கும் வகுப்பைச் சேர்ந்த குடும்பத் தலைவர்கள். 1942 ஜூலை 13 அதிகாலையில் போலந்தின் யூசெஃபுஃப் என்னும் ஊரில் அவர்களை இறக்கினார்கள். படைத் தலைவர் மேஜர் வில்ஹெல்ம் டிராப்புக்கு அப்போது 53 வயது. ஏறத்தாழ என் வயது. குரல் தழுதழுக்க, கண்கள் கலங்க, அன்றைய கட்டளையை அறிவித்தார். ஊரின் யூதர்களைத் திரட்ட வேண்டும். வேலை செய்யத்தக்க ஆண்களைப் பிரித்தெடுத்துவிட்டு, பெண்களையும் பிள்ளைகளையும் முதியோரையும் சுட்டுக் கொல்ல வேண்டும். பிறகு அவர் வேறொன்றும் சொன்னார்: வயதில் மூத்தவர்களில் இதைச் செய்ய இயலாது என்று நினைப்பவர் வரிசையை விட்டு வெளியே வரலாம்.

பத்துப் பன்னிரண்டு பேர் வந்தார்கள். மற்றவர்கள் நின்ற இடத்திலேயே நின்றார்கள். அன்று இருட்டுவதற்குள் ஏறத்தாழ 1,500 பேர் கொல்லப்பட்டார்கள்.

1960-களில் ஹாம்பர்க்கில் நடந்த நீதி விசாரணையில் அப்படையினரில் 210 பேரிடம் எடுக்கப்பட்ட வாக்குமூலங்களைப் பிரௌனிங் வாசித்தார். அவற்றில் விரிவான 125-ஐ நுணுகி ஆராய்ந்தார். விலகி நின்றவர்களுக்குக் கடுந்தண்டனை எதுவும் கிடைக்கவில்லை என்பதை அவர் காட்டுகிறார். அப்படியிருக்க, மற்றவர்கள் ஏன் விலகவில்லை? பல காரணங்களை எடைபோடும் அவர், உடன் நிற்பவர்கள் தன்னைக் கோழை என்று நினைத்துவிடக் கூடாதே என்ற எண்ணத்துக்குப் பெரிய இடம் கொடுக்கிறார். இதே ஆவணங்களை வாசித்த டேனியல் கோல்ட்ஹேகன் 1996-இல் அவரை மறுத்து, ஜெர்மானியச் சமுதாயத்தில் ஊறியிருந்த யூத வெறுப்பே முதற்காரணம் என்று எழுதினார். இந்த விவாதத்தை நான் குறையாகக் கருதவில்லை. இறந்தவர்களின் பொருட்டு உண்மையைத் துல்லியமாக அறிய வேண்டும் என்று மெய்யாகவே கவலைப்படுகிறவர்களே இப்படி வாதாடுவார்கள்.

ஒரு கல்லில் எழுதிய பொய்

இன்னும் ஓர் ஊரைச் சொல்ல வேண்டும். போலந்தில் யெத்வாப்னே என்று ஒரு சிற்றூர். 1941 ஜூலை 10 அன்று, ஜெர்மானியர் அவ்வூரைப் பிடித்திருந்த வேளையில், அங்கு வாழ்ந்த யூதர்கள் அடித்துத் துன்புறுத்தப்பட்டு, பெருந்தொகையானோர் ஒரு களஞ்சியத்துக்குள் அடைத்து எரிக்கப்பட்டார்கள். பின்னாளில் அங்கே ஒரு நினைவுக் கல் நட்டார்கள். ஜெர்மானிய ரகசியக் காவலரும் படையினரும் செய்த கொலை என்று அந்தக் கல் சொன்னது. பல ஆண்டுகள் அப்படியே நின்றது.

வரலாற்றாசிரியர் யான் கிராஸ் 2000-ஆம் ஆண்டில் போலிஷ் மொழியில் வெளியிட்ட நூலின் தலைப்பு ‘அயலார்’ என்று பொருள்படும். உயிர்தப்பிய ஒருவர் 1945-இல் கொடுத்த சாட்சியத்தையும், போருக்குப் பிந்திய வழக்கு ஆவணங்களையும் எடுத்துக்காட்டி, அந்தக் கைகள் ஊராரின் கைகளே என்று அவர் எழுதினார். நாடே அதிர்ந்தது. அரசின் நினைவு நிறுவனம் விசாரித்தது. கொல்லப்பட்டோரின் எண்ணிக்கை கிராஸ் சொன்ன 1,600-ஐ விடக் குறைவு, 340-க்குக் குறையாது என்றும், ஜெர்மானியரின் தூண்டுதல் இருந்தது என்றும், ஆனால் செயலில் முதற்பங்கு உள்ளூர்ப் போலந்துக்காரருடையதே என்றும் முடிவு செய்தது. 2001 ஜூலை 10 அன்று போலந்தின் அதிபர் அவ்வூரில் நின்று மன்னிப்புக் கேட்டார். பழைய கல் அகற்றப்பட்டது.

அந்தக் கல் செய்ததைக் கவனியுங்கள். மர்ம நாவலின் கடைசி அத்தியாயம் செய்வதையே அதுவும் செய்தது. ஒரு குற்றவாளியைச் சுட்டிக்காட்டி மற்ற எல்லாரையும் விடுவித்தது. ஜெர்மானியர் குற்றவாளிகள் என்பது பொய்யன்று. ஆனால் அது ஊராரை மறைத்துக்கொள்ளும் போர்வையாயிற்று. ஊர் மறுபடியும் ஏதேனாயிற்று. நாவலில் இது இன்பம். நிஜமான ஊரில் இதுவே இரண்டாம் பாவம்.

விரல் திரும்பும் இடம்

இப்போது நம் தியானப் பகுதிக்கு வருவோம். 2 சாமுவேல் 11-ஆம் அதிகாரம் ஒரு போர்க்கால வரலாறு. ரப்பா பட்டணத்தின் முற்றுகை நடந்துகொண்டிருக்கிறது. உரியா போரில் மாண்டான். போரில் எத்தனையோ பேர் மாளுகிறார்கள். அரசாங்கக் கோப்பில் அது அவ்வளவுதான். ஆனால் வேதத்தின் வரலாற்றாசிரியர் கோப்பை மூடவில்லை. யோவாபுக்கு ராஜா எழுதிய கடிதத்தை எடுத்து வைக்கிறார். அதை உரியாவின் கையிலேயே கொடுத்தனுப்பியதைச் சொல்கிறார். தூதன் கொண்டுவந்த போர்ச் செய்தியைச் சொல்லுக்குச் சொல் பதிவு செய்கிறார். போர்ச்சாவு என்று எழுதப்பட்டது கொலை என்பதைச் சான்றோடு நிறுவுகிறார். இன்றைய ஆய்வாளர் செய்வதும் இதுவே.

12-ஆம் அதிகாரத்தில் நாத்தான் தீர்க்கதரிசி வருகிறான். அவன் சொல்வதோ ஒரு சிற்றூர்க் குற்றக்கதை. ஒரே ஊரில் ஒரு பணக்காரன், ஒரு தரித்திரன், ஓர் ஆட்டுக்குட்டி. தாவீது நல்ல வாசகனைப் போலக் கேட்கிறான். அவனுக்கு நீதியுணர்வு பொங்குகிறது. குற்றவாளியைக் கண்டுபிடித்துவிட்டான், தண்டனையையும் விதித்துவிட்டான். அந்தக் கணத்தில் நாத்தான் விரலை அவனிடமே திருப்புகிறான். கதை இல்லாமல் நேராகக் குற்றஞ்சாட்டியிருந்தால் ராஜா செவிகொடுத்திருப்பானா? தெரியாது. கதையோடு நின்றிருந்தால் அவன் மனந்திரும்பியிருக்க மாட்டான் என்பது மட்டும் நிச்சயம்.

துப்பறியும் கதையுலகில் இதை நன்கு அறிந்தவர் ஜி. கே. செஸ்டர்டன். அவருடைய ஃபாதர் பிரௌன் ஒரு குருவானவர். 1927-இல் வந்த தொகுதி ஒன்றில் தம் துப்பறியும் இரகசியத்தை அவர் வெளியிடுகிறார். கொலைகாரனை வெளியிலிருந்து ஆராய்வது அவர் முறையன்று. தாமே அந்தக் கொலையைச் செய்தவராக, அந்தக் கோபமும் ஆசையும் தமக்குள்ளேயே எழும்வரை உள்ளே இறங்கி யோசிப்பதே அவர் முறை. ஆத்தும நலத்துக்கான ஒரு பயிற்சியாகவே அதை அவர் கருதுகிறார். அறுபத்தைந்து ஆண்டுகள் கழித்து, கற்பனைக் கதையோடு எந்தத் தொடர்பும் இல்லாத பிரௌனிங், தம் ஆய்வு நூலின் முன்னுரையில் அதே வாசலில் வந்து நிற்கிறார். அந்தச் சூழ்நிலையில் தாமும் சுட்டிருக்கலாம், அல்லது விலகி நின்றிருக்கலாம் என்பதை ஒப்புக்கொள்ளாமல் அம்மனிதரைப் புரிந்துகொள்ள முடியாது என்கிறார். விளங்கிக்கொள்வதற்காக எழுதுவது மன்னித்துவிடுவதற்கு ஒப்பாகாது என்பதையும் தெளிவாகச் சொல்கிறார்.

என் வாழ்விலிருந்து ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன், வேறொரு சபையில் நான் பணியாற்றியபோது, அறுப்பின் பண்டிகைக் காணிக்கையில் ஒரு தொகை குறைந்தது. யாரும் எவரையும் குற்றஞ்சாட்டவில்லை. ஆனால் ஆலயப் பணியாளரிடமிருந்து சாவிக் கொத்து வாங்கப்பட்டது. அந்தக் கூட்டத்தில் தலைமை வகித்தவன் நான். அவரை ஐயப்பட என்னிடம் ஒரு காரணமும் இல்லை. ஒரு வார்த்தை பேசியிருக்கலாம். எதிரே அமர்ந்திருந்த பெரியவர்களின் முகங்களைப் பார்த்தேன், பேசாமலிருந்தேன். அதற்கு ‘முன்ஜாக்கிரதை’ என்று எனக்குள் பெயர் வைத்துக்கொண்டேன். ஆண்டுக் கணக்கைச் சரிபார்த்தபோதுதான் கூட்டலில் ஒரு வரி இருமுறை எழுதப்பட்டிருந்தது தெரிந்தது. பணம் குறையவே இல்லை. அதற்குள் அவர் வேலையை விட்டுவிட்டு மகள் வீட்டுக்குப் போய்விட்டார். பிறகு நான் அவரைத் தேடிச் சென்று மன்னிப்புக் கேட்டேன். அவர் கேட்டது ஒன்றே: “நீங்களும் அப்படித்தான் நினைச்சீங்களா, ஐயா?” நினைக்கவில்லை. அதைச் சொன்னால் என் மௌனம் இன்னும் கேவலமாகும் என்று தெரிந்ததால், அதற்கும் நான் பதில் சொல்லவில்லை.

யூசெஃபுஃப் காட்டில் நடந்ததற்கும் எங்கள் சபைக் குழுவில் நடந்ததற்கும் ஒப்பே கிடையாது. அப்படி ஒப்பிடுவது இறந்தவர்களை அவமதிப்பதாகும். ஆனால் பிரௌனிங்கின் நூலில் அந்த வரிசை நின்ற பக்கத்தை வாசித்தபோது, எதிரே இருக்கும் முகங்களைப் பார்த்துவிட்டு வாய்மூடும் அந்தப் பழக்கம் எனக்குப் புதியதாக இல்லை. எந்த மர்ம நாவலும் என்னை அந்த இடத்துக்குக் கொண்டுபோனதில்லை.

இரகசியம் காத்த ஓர் ஊர்

இத்தனையும் வாசித்தபின் மனிதனைப் பற்றிய நம்பிக்கை அற்றுப்போய்விடாதா என்று நீங்கள் கேட்கலாம். அதே வரலாறு இன்னோர் ஊரையும் காட்டுகிறது. தென் பிரான்சின் மலைப்பகுதியில் லெ ஷம்போன் என்னும் சிற்றூர். துன்புறுத்தப்பட்ட புராட்டஸ்டண்டு முன்னோரின் நினைவைச் சுமந்த ஊர். 1940 ஜூன் 22 அன்று பிரான்சு ஜெர்மனியோடு போர்நிறுத்த ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, அவ்வூர்ப் போதகர் அந்த்ரே துரோக்மேயும் உடன் ஊழியர் எதுவார் தெய்ஸும், மனச்சாட்சிக்கு விரோதமான கட்டளைகளை ஆவியின் ஆயுதங்களால் எதிர்த்து நிற்கும்படி சபையை அழைத்தார்கள். தொடர்ந்த ஆண்டுகளில் அவ்வூரும் சுற்றுக் கிராமங்களும் ஆயிரக்கணக்கானோருக்கு அடைக்கலம் கொடுத்தன. துரோக்மே 1943-இல் சிறைப்பட்டு விடுதலையானார். மாணவர் விடுதியின் பொறுப்பிலிருந்த அவருடைய உறவினர் டேனியல் துரோக்மே, தம் மாணவர்களோடு பிடிபட்டு 1944-இல் மைடானெக் முகாமில் மரித்தார். 1990-இல் இஸ்ரவேலின் யாத் வாஷெம் நிறுவனம் அந்த ஊரையே கௌரவித்தது.

மர்ம நாவலின் சிற்றூரைப் போலவே அங்கும் எல்லாருக்கும் எல்லாம் தெரியும். எந்த வீட்டு மாடியில் யார் இருக்கிறார், எந்தப் பிள்ளையின் பெயர் பொய்ப் பெயர் என்பதெல்லாம் தெரியும். அந்த இரகசியத்தை ஊரே சேர்ந்து காத்தது. யெத்வாப்னேயில் அயலான் என்ற சொல்லுக்கு நேர்ந்த கதி இங்கே நேரவில்லை. நல்ல சமாரியனின் உவமையைக் கேட்டே வளர்ந்த மக்கள் தங்கள் வாசற்கதவைத் தட்டியவர்களுக்குத் திறந்தார்கள். அவர்களும் சாதாரண மனிதர்களே.

ஆகவே அந்த அம்மையாருக்கும் உங்களுக்கும் நான் சொல்வது இது. களைத்த மாலையில் மிஸ் மார்ப்பிளோடு உட்கார வெட்கப்பட வேண்டாம். ஓர் உயிர் போனால் விடை தேட வேண்டும் என்ற பிடிவாதத்தை அந்த மூதாட்டி கற்றுக்கொடுப்பார். ஆனால் அங்கேயே தங்கிவிடாதீர்கள். குற்றவாளி எப்போதும் வேறொருவர் என்ற பழக்கம் நம்மை அறியாமலே ஒட்டிக்கொள்ளும். ஆண்டுக்கு ஒன்றேனும் கடினமான வரலாற்று நூலை, அடிக்குறிப்புகளோடு, மெதுவாக வாசியுங்கள். பயங்கரத்தை வேடிக்கை பார்க்கும் ஆவல் தலைதூக்குவதாகத் தெரிந்தால் மூடி வைத்துவிட்டு, அந்தப் பக்கத்தில் பெயரோடு வந்தவர்களை ஒருமுறை நினைத்துக்கொள்ளுங்கள். வரிசையை விட்டு வெளியே வந்தவர்கள் சிலரே என்னும் இடம் வரும்போது, நாம் எங்கே நின்றிருப்போம் என்று அவசரமாக விடை சொல்லாமல் இருங்கள்.

இந்த வாரம் 2 சாமுவேல் 11, 12 அதிகாரங்களை ஒரே அமர்வில் வாசியுங்கள். நம் வீட்டிலும் தெருவிலும் சபையிலும், சான்று இன்றி நாம் சாவிக் கொத்தைத் திரும்ப வாங்கிக்கொண்ட மனிதர் யாராவது உண்டா என்று யோசியுங்கள். உண்டென்றால், ஞாயிற்றுக்கிழமைக்கு முன் அவரைப் போய்ப் பாருங்கள். நான் போனபோது தாமதமாகிவிட்டிருந்தது. உங்களுக்கு அப்படி ஆகாதிருப்பதாக.

மறைவானவற்றை வெளியரங்கமாக்கும் தேவன் நம்மை உண்மையிலும் இரக்கத்திலும் நடத்துவாராக. ஆமென்.